14 வருடம் கழித்து வந்த கிங்ஸ் எக்ஸ்: ‘த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்’ எப்படி இருக்கிறது?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் அப்புறம். அமெரிக்க ராக் பேண்ட் கிங்ஸ் எக்ஸின் ‘த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்’ நல்ல ஆல்பம். ரசிகன் என்பதால் கூடக் கொஞ்சம் மார்க் போட்டுச் சொல்லவில்லை. 12 பாட்டில் எட்டை இன்றைக்கும் தேடிப்போய்க் கேட்கிறேன், மூன்றை வந்தால் கேட்பேன், ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஒட்டவே இல்லை. 14 வருடம் ஸ்டூடியோ ஆல்பமே போடாத மூன்று பேரிடமிருந்து இது வந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

ராக் கேட்பவர்களிடம் கிங்ஸ் எக்ஸ் என்று சொன்னால் நிறையப் பேர் “யாரு அவங்க?” என்பார்கள். தெரிந்த ஒருவர் மாட்டிவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. பாஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடும் டக் பின்னிக், கிடார் டை டேபர், டிரம்ஸ் ஜெர்ரி காஸ்கில், அவ்வளவுதான் பேண்ட். மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வேறு வேறு பெயர்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், 80களின் நடுவில் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போய், 1988இல் முதல் ஆல்பம் போட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதே மூன்று பேர். ஆள் மாறவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வரவில்லை. ஒரு ராக் பேண்டில் இது எவ்வளவு அபூர்வம் என்று இந்த இசை கேட்பவர்களுக்குத் தெரியும்.

இவர்களைக் கேட்டிராதவர்களுக்காக அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். கிடாரின் தடித்த கம்பியை ஒரு படி இறக்கி டி சுருதியில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள், டிராப் டி என்பார்களே அதுதான். 90களில் சியாட்டில் பேண்டுகள் வந்தபோது எல்லோர் காதிலும் விழுந்த அந்தக் கனம் இவர்களிடம் 1988லேயே இருந்தது. அந்த சியாட்டில் பேண்டுகளில் ஒன்றான பேர்ல் ஜாமின் ஜெஃப் அமெண்ட், கிரஞ்ச் என்ற அந்த ராக் பாணியைக் கண்டுபிடித்ததே கிங்ஸ் எக்ஸ்தான் என்று சொன்னது ரசிகர்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் கனம் மட்டும் இருந்திருந்தால் நான் இத்தனை வருடம் கூடவே வந்திருக்க மாட்டேன். அந்தக் கனத்தின் மேல் டக்கின் குரல் வரும், தேவாலயத்தில் காஸ்பெல் பாடுகிறவர்களின் அடித்தொண்டையும் உருக்கமும் உள்ள குரல். கோரஸ் வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து பீட்டில்ஸ் மாதிரி அடுக்கடுக்காகப் பாடுவார்கள். கீழே இடி இடிக்கிறது, மேலே மூன்று குரல் மிதக்கிறது. இந்தச் சேர்க்கையை வேறு எந்த பேண்டிலும் நான் இவ்வளவு இயல்பாகக் கேட்டதில்லை.

டக்கின் பாஸ் சத்தத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே பாஸிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ் ஒலியைச் சுத்தமாக ஒரு பக்கமும், மேல் ஒலியைக் கிடார் மாதிரி கரகரவென்று உடைத்து இன்னொரு பக்கமும் அனுப்புவார். அதனால்தான் மூன்று பேர் வாசிப்பது ஐந்து பேர் வாசிப்பது போல இருக்கும். புது ஆல்பத்தில் இது அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

சரி, ஏன் பெரிதாக வரவில்லை? இந்தக் கேள்வியை ரசிகர்கள் முப்பது வருடமாகக் கேட்கிறோம். மெட்டல் கேட்பவர்களுக்கு மெலடி அதிகம், ரேடியோவுக்குக் கனம் அதிகம். பாட்டு வரிகளில் நம்பிக்கை, கடவுள் என்று வந்ததால் ‘கிறிஸ்தவ பேண்ட்’ என்று ஒரு முத்திரை விழுந்தது, அது வேண்டாம் என்று இவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1998இல் டக் தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதும் கிறிஸ்தவக் கடைகள் இவர்களின் ஆல்பங்களை எடுத்துவிட்டன. 1994இல் பிரெண்டன் ஓ’பிரையன் தயாரிப்பில் ‘டாக்மேன்’ ஆல்பம் வந்தது, அதே வருடம் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையிலும் வாசித்தார்கள், இனிமேல் இவர்களை யாரும் தடுக்க முடியாது என்று தோன்றிய நேரம் அது. நடக்கவில்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ரசிகர்களான நாமே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, கிங்ஸ் எக்ஸ் என்றாலே பாவம், யாரும் மதிக்காத பேண்ட் என்று ஆக்கிவைத்திருக்கிறோம். புதிதாக ஒருவரைக் கேட்க வைக்கும்போதும் முதலில் நியாயம் கேட்கிறோம், பாட்டை அப்புறம்தான் போடுகிறோம். கேட்பவர் இரக்கத்தோடு கேட்கத் தொடங்கினால் அது பாட்டுக்குச் செய்கிற மரியாதையா? ‘த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்’னுக்கு அந்த முன்னுரை எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த விஷயம். பழசு ஒன்றும் தெரியாமல் போட்டாலும் நிற்கும்.

இத்தனை வருட இடைவெளி சும்மா வரவில்லை. 2008இல் முந்தைய ஆல்பம் ‘எக்ஸ்வி’ வந்தது. 2012இல் ஜெர்ரிக்கு மாரடைப்பு. பிழைத்ததே பெரிய விஷயம். அதே வருடக் கடைசியில் சாண்டி புயலில் நியூ ஜெர்சியில் அவர் வீடும் போனது. 2014இல் இரண்டாவது மாரடைப்பு. முதல் மாரடைப்புக்குப் பிறகு அவருடைய மருத்துவச் செலவுக்காக, 1991இல் பாஸ்டனில் வாசித்த ஒரு பழைய நேரடி நிகழ்ச்சியை வெளியிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அது எதற்காக வந்தது என்பது நினைவுக்கு வந்துவிடும். இப்படியெல்லாம் போன பிறகு 2019இல்தான் மூன்று பேரும் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், மைக்கேல் பார்னின் தயாரிப்பில் ரெக்கார்டிங்குக்கு உட்கார்ந்தார்கள். முடித்து வைத்த நேரத்தில் கோவிட் வந்துவிட்டது. ஆல்பம் வெளியானது 2022 செப்டம்பர் 2. அதற்கு மறுநாள் டக்குக்கு 72 வயது.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

‘லெட் இட் ரெய்ன்’ முதல் பாட்டு. இதைத்தான் முதலில் சிங்கிளாகவும் விட்டார்கள். அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். டையின் கிடார் வந்த சில நொடிகளிலேயே இது யார் என்று தெரிந்துவிட்டது, பெயரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. டக் பாடத் தொடங்கியதும் குரலில் வயது தெரிந்தது, ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோரஸில் மற்ற இரண்டு குரலும் வந்து சேர்கிற இடம் இருக்கிறதே, அந்த இருபது நொடியை அன்று எத்தனை முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன் என்று கணக்கில்லை. மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்காமல், ஒவ்வொன்றும் தனியாகவும் கேட்கிறது. இடது காதில் கவனம் வைத்தால் ஒரு பாட்டு, வலது காதில் வைத்தால் வேறு பாட்டு.

‘ஃப்ளட் பார்ட் 1’ நேர் அடி. முரட்டு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), அதன் நடுவில் திடீரென்று ஒரு இனிமையான மெட்டு, மறுபடி ரிஃப். இந்த பேண்டின் குணம் என்ன என்று யாராவது கேட்டால் இதை ஒரு முறை போட்டுக் காட்டினால் போதும்.

‘நத்திங் பட் த ட்ரூத்’தைப் பற்றி மட்டுமே இந்த முழு விமர்சனத்தையும் எழுதியிருக்கலாம். மெதுவான பாட்டு, நீளமானது. டக் இங்கே கத்தவே இல்லை, கிட்ட உட்கார்ந்து பேசுவது போலத் தொடங்குகிறார். 1994இல் அவர் குரல் கூரையைப் பிய்க்கும், இன்றைக்கு அந்த உயரம் இல்லை, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. தன் குரல் இப்போது எங்கே நன்றாக நிற்குமோ அந்த இடத்துக்கு மெட்டைக் கொண்டுவந்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு சொல்லும் பாரமாக விழுகிறது. பிறகு டையின் சோலோ. டை வேகம் காட்டுகிற ஆள் இல்லை. ஒரு சுரத்தைப் பிடித்து வளைத்து, அது அடங்குகிற வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். அந்தக் காத்திருப்பில் பின்னால் ஜெர்ரி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றுமே செய்யாதது போல வாசிப்பார், ஆனால் அவர் ஒரு அடி முன்னே பின்னே வைத்தால் அந்த சோலோவே விழுந்துவிடும். இரண்டு முறை இதயம் மக்கர் பண்ணிய மனிதர் இவ்வளவு நிதானமாகத் தாளம் பிடிக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

‘கிவ் இட் அப்’ தலையாட்ட வைக்கிற பாட்டு, காரில் சத்தமாகப் போட ஏற்றது. ‘ஆல் காட்ஸ் சில்ட்ரன்’ எதிர்த் திசை. அடங்கித் தொடங்கி, கோரஸில் கொட்டும். நம்பிக்கையை உள்ளிருந்தே கேள்வி கேட்டு, அதனால் அடியும் வாங்கிய ஒருவர் இந்தத் தலைப்பில் பாடுகிறார் என்பது பழைய ரசிகர்களுக்குத் தனியாக உறைக்கும்.

எனக்கு ஒட்டாதது ‘ஃபெஸ்டிவல்’. துள்ளலான பாட்டுதான், ஆனால் முதல் முறை கேட்டதற்கு மேல் இரண்டாம் முறை அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர் என்னிடம் இரண்டு நாள் சண்டை போட்டார், ஆல்பத்திலேயே அதுதான் அவருக்கு மிகப் பிடித்த பாட்டு. இந்த பேண்டின் ரசிகர்களிடம் எனக்கு மிகப் பிடித்ததே இதுதான், சிறந்த பாட்டு எது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும், நான்கு பேருக்கும் காரணம் இருக்கும்.

அடுத்து வரும் ‘ஸ்வைப் அப்’ அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. தலைப்பே சொல்லிவிடும், இந்தக் காலத்துப் பாட்டு. மூச்சு விடாத ரிஃப், அதற்கு ஜெர்ரியின் டிரம்ஸ் ஓடிப் பிடித்து விளையாடுகிறது. ‘ஹாலிடேஸ்’, ‘வாட்சர்’, ‘ஷீ கால்ட் மீ ஹோம்’ மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முதல் பாதி கொடுத்த அடிக்குப் பிறகு இரண்டாம் பாதியில் கொஞ்சம் வேகம் விடுகிறது. ‘நத்திங் பட் த ட்ரூத்’தை மூன்றாவதாக வைக்காமல் பின்னால் தள்ளியிருந்தால் ஆல்பத்துக்கு இன்னும் நல்ல எடை கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. கடைசிப் பாட்டு ‘எவ்ரி எவ்ரிவேர்’ சின்னது, குரல்களுக்காகவே செய்தது. அது முடிகிறபோது மனம் லேசாகிவிடுகிறது.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள். பாதி விஷயம் பாஸில் இருக்கிறது, அது அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. சுமாரான ஹெட்ஃபோன் போதும். டிஸ்க் வாங்குகிறவர்கள் உறையைப் பிரித்ததும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். எனக்கு வந்த முதல் பிரதி நான்காவது பாட்டில் தடுக்கியது, கடைக்காரர் மாற்றிக்கொடுக்க மூன்று வாரம் ஆக்கினார். அந்த மூன்று வாரமும் மூன்று பாட்டோடு ஓட்டினேன். ‘நத்திங் பட் த ட்ரூத்’ இந்த அளவு ஊறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சவுண்ட்கார்டன், பேர்ல் ஜாம் தவிர வேறு எதையும் தொடாத ஒரு நண்பன் இருக்கிறான். கிங்ஸ் எக்ஸின் பழைய கதை எதையும் சொல்லாமல், பேண்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவனுக்கு ‘நத்திங் பட் த ட்ரூத்’தை மட்டும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “டேய், யாருடா இது? பாஸ் வாசிக்கிறது யாரு?” பாஸ் வாசிப்பவரும் பாடுபவரும் ஒரே ஆள்தான், வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்று சொன்னேன். நம்பவில்லை. மேடையில் வாசிக்கும் ஒரு வீடியோவை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் கேட்டது ஒன்றுதான்: “இவங்க பழசுல எதுல இருந்து ஆரம்பிக்கணும்?”

‘டாக்மேன்’ முதலில், அப்புறம் 1989இல் வந்த ‘கிரெட்சன் கோஸ் டு நெப்ராஸ்கா’ என்று சொல்லியிருக்கிறேன். இல்லை, கிரெட்சன்தான் முதலில் என்று மற்ற ரசிகர்கள் இப்போதே சண்டைக்கு வருவார்கள். வாருங்கள், பேசுவோம்.