பழைய பைக்குக்கு ரெகுலேட்டர்: ஷன்ட்டா, சீரிஸா?

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு வைப்பது ரெகுலேட்டர். அது போய்விட்டது என்று உறுதியானதும் மூன்று வழிகள் இருக்கின்றன. கழற்றியதைப் போலவே இன்னொன்றை வாங்கிப் பூட்டலாம். பழைய வண்டி என்றால் அது பெரும்பாலும் எஸ்.சி.ஆர். (ஒரு வகை மின்னணு சுவிட்ச்) வைத்த ஷன்ட் வகையாக, அதாவது மிஞ்சிய மின்சாரத்தை ஷார்ட் செய்துவிடும் வகையாக இருக்கும். அதே ஷன்ட் வேலையை மாஸ்ஃபெட் (இழப்பு குறைந்த இன்னொரு மின்னணு சுவிட்ச்) வைத்துச் செய்யும் யூனிட்டுக்கு மாறலாம், ஷின்டென்கன் எஃப்.எச்.020 இதில் பலரும் அறிந்தது. அல்லது, ஷார்ட் செய்யாமல் பாதையைத் துண்டித்துவிடும் சீரிஸ் வகைக்குப் போகலாம். அதே கம்பெனியின் எஸ்.எச்.775, எஸ்.எச்.847 இரண்டும் இந்த ரகம். என்னுடைய பழைய நான்கு சிலிண்டர் வண்டியில் இப்போது இருப்பது எஸ்.எச்.775. என் ஓட்டு சீரிஸுக்குத்தான்.

நான் சொல்வதெல்லாம் நிரந்தரக் காந்தம் சுற்றும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளுக்கு, அதாவது என்ஜினிலிருந்து மூன்று ஒயர் (பெரும்பாலும் மூன்றும் மஞ்சள்) வெளியே வரும் வண்டிகளுக்கு மட்டும். நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் ஃபீல்ட் காயில் (மின்காந்தம்) உள்ள ஆல்டர்னேட்டருக்கு ரெகுலேட்டர் வேலை செய்யும் விதமே வேறு. அதில் இவை எதையும் மாட்டக் கூடாது.

வாங்குவதற்கு முன் ஸ்டேட்டர் காயிலை, அதாவது ஆல்டர்னேட்டரில் மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுற்றை, பார்த்துவிட வேண்டும். அந்த மூன்று ஒயரையும் ரெகுலேட்டரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி, என்ஜினை 5000 ஆர்.பி.எம்.மில் வைத்து, மூன்று ஒயரையும் இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். என்ஜினை அணைத்த பிறகு எந்த மஞ்சள் ஒயருக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. காயில் போயிருந்தால் எந்த ரெகுலேட்டரும் அதைக் காப்பாற்றாது.

பழைய எஸ்.சி.ஆர். வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அப்படியே பொருந்தும், ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம். முதல் யூனிட் சூடேறிச் செத்த அதே இடத்தில், அதே காரணத்தால் இதுவும் சூடாகும். வண்டியை உள்ளது உள்ளபடி பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இது சரி.

மாஸ்ஃபெட் வகை உண்மையிலேயே ஒரு முன்னேற்றம். எஸ்.சி.ஆர். வழியாகக் கரண்ட் போகும்போது ஒரு வோல்ட்டாவது அதில் விழுந்துவிடும். 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு இடத்திலேயே சுமார் 20 வாட் வெப்பம். மாஸ்ஃபெட்டில் இந்த இழப்பு மிகக் குறைவு என்பதால் யூனிட் எஸ்.சி.ஆர். வகையைவிடக் குளிர்ச்சியாக ஓடும். வோல்ட்டேஜும் நிலையாக நிற்கும். இதைப் போட்டவர்கள் திருப்தியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் குளிர்வது ரெகுலேட்டர் மட்டும்தான். என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்.

நிரந்தரக் காந்தத்தை அணைக்க முடியாது. என்ஜின் சுற்றும் வரை காயிலில் மின்சாரம் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஷன்ட் ரெகுலேட்டர், அது எஸ்.சி.ஆரோ மாஸ்ஃபெட்டோ, மிஞ்சியதை ஷார்ட் செய்து காயிலுக்கே திருப்பி அனுப்புகிறது. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் வழியவிடுவது மாதிரி. அதனால் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும் என்றாலும் காயில் தன்னால் முடிந்த முழுக் கரண்டையும் சுமக்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது சூடான என்ஜின் ஆயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்கிறது. வார்னிஷ் கருகி, இன்சுலேஷன் உரிந்து, ஒருநாள் காயில் எர்த் ஆகிறது.

சீரிஸ் வகை எதையும் ஷார்ட் செய்வதில்லை. பேட்டரி நிறைந்ததும் பாதையைத் துண்டித்துவிடுகிறது, தேவைப்படும்போது இணைக்கிறது. காயிலில் ஓடுவது வண்டிக்கு வேண்டிய கரண்ட் மட்டும். கம்பியில் உண்டாகும் வெப்பம் கரண்டின் இருமடியைப் பொறுத்தது. கரண்ட் பாதியானால் வெப்பம் கால் பங்கு.

எல்இடி பல்பு மாற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லோடைக் குறைத்தால் சார்ஜிங் சிஸ்டத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்று தோன்றும். ஷன்ட்டில் நடப்பது நேர் எதிர். ஹெட்லைட் எடுத்துக்கொள்ளாத கரண்டையும் ரெகுலேட்டர்தான் ஷார்ட் செய்தாக வேண்டும். அதன் சூடு கூடும், காயிலின் சூடு குறையாது. சீரிஸில்தான் மிச்சம் பிடித்த ஒவ்வொரு வாட்டும் காயிலுக்கு நன்மையாகப் போய்ச் சேரும்.

ரெகுலேட்டர் போனால் நான்கு போல்ட் வேலை. காயில் போனால் ஆயிலை வடித்து, சைடு கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி, புதியது போட வேண்டும். அதற்கும் முன்னால், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு நல்ல காயில் கிடைக்க வேண்டும். மட்டமான ரீவைண்டிங் செய்த காயிலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். நான் காப்பாற்ற நினைப்பது காயிலைத்தான்.

சீரிஸுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதம் ஒன்று உண்டு. பாதை துண்டித்திருக்கும்போது காயிலின் வோல்ட்டேஜ் எகிறும், அதிக ஆர்.பி.எம்.மில் 100 வோல்ட்டை நெருங்கவோ தாண்டவோ கூடும். இன்சுலேஷன் ஏற்கெனவே நைந்த காயிலுக்கு இது நல்லதல்ல. என் வண்டியில் இதுவரை தொல்லை இல்லை. ஆனால் நான் பெரும்பாலும் நடு ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறவன். எப்போதும் ரெட்லைனுக்கு (என்ஜினின் உச்ச ஆர்.பி.எம். வரம்புக்கு) பக்கத்தில் ஓட்டுபவர்களுக்கு என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஒரே பேஸ் காயில் உள்ள சின்ன வண்டிகளிலும் நான் இதைப் பூட்டிப் பார்த்ததில்லை. அங்கே அந்த வண்டிக்கென்று செய்த யூனிட்டே மேல்.

அளவைப் பொறுத்தவரை எஸ்.எச்.775 35 ஆம்பியருக்கானது; எஸ்.எச்.847 50 ஆம்பியர். பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவதே தாராளம்.

இனி பூட்டும் வேலை. இரண்டும் பழைய யூனிட்டைவிடப் பெரிது, துளைகளும் ஒத்துவராது. ஒரு தடித்த அலுமினியத் தகடு வெட்டி, காற்றுப் படும் இடத்தில் ஃபின்கள் வெளியே பார்க்கும்படி மாட்டினேன். சீரிஸிலும் பேட்டரிக்குப் போகும் கரண்ட் யூனிட்டைச் சூடாக்கத்தான் செய்யும், அதனால் சீட்டுக்கு அடியில் அடைத்து வைக்கக் கூடாது.

மூன்று மஞ்சள் ஒயரில் எது எதற்கு என்ற வரிசை முக்கியமில்லை. கப்ளர்தான் முக்கியம். என்னுடைய பழைய கப்ளரில் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது; உள்ளே பித்தளை கறுத்து, இழுத்தால் கையோடு வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் புது யூனிட் போடுவதில் பயனில்லை. தண்ணீர் புகாத கப்ளரையும் சரியான க்ரிம்ப் பின்களையும் பயன்படுத்துங்கள்.

பிளஸ், மைனஸ் இரண்டையும் பழைய ஹார்னஸில் சேர்க்காமல் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோனேன். பிளஸ்ஸில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். பல பழைய ரெகுலேட்டர்களில் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குக் காட்ட, இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தனி சென்ஸ் ஒயர் ஒன்று இருக்கும். சுவிட்ச் துருப்பிடித்தால் அந்த ஒயர் குறைந்த வோல்ட்டேஜைக் காட்டும். ரெகுலேட்டர் அதை நம்பிப் பேட்டரியைக் கொதிக்க வைக்கும். எஸ்.எச்.775இல் அந்த ஒயருக்கு வேலை இல்லை. இக்னிஷனைப் போட்டால் அதன் முனையில் கரண்ட் இருக்கும் என்பதால் ஸ்லீவ் போட்டுக் கட்டிவிடுங்கள்.

முடித்ததும் 5000 ஆர்.பி.எம்.மில் பேட்டரி முனையில் 14 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள், மைனஸுக்கும் அப்படியே. எந்தப் பக்கத்திலாவது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்து இணைப்பைப் பிரித்து மறுபடி க்ரிம்ப் செய்யுங்கள்.