மலை ஊர்த் தண்ணீருக்குக் கருப்பு பைப்: எங்கே தாங்கும், எங்கே விடும்

ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை, பர்கூர் என எந்த மலை ஊரை எடுத்தாலும் புதுக் குடிநீர்த் திட்டம் முதலில் மாட்டிக்கொள்வது பணத்தில்தான். காசு போதாத அப்படிப்பட்ட ஊருக்கு ஹெச்டிபிஇ குழாய், அதாவது கடையில் ‘கருப்பு பைப்’ என்று கேட்டு வாங்கும் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள், கட்டுபடியாகுமா? கட்டுபடியாகும். ஆனால் ரகம் பார்த்து வாங்க வேண்டும், ஒட்டத் தெரிந்த கை வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. நகரங்களுக்கான அம்ருத் 2.0 திட்டத்தில் மத்திய அரசு 90 சதவீதம் கொடுப்பது மலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும்தான். நம் ஊர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மாநிலத்தை வைத்துத்தான் கணக்கு, தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. 1 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்றால் பாதிப் பணம் வரும். மீதியை மாநில அரசும் உள்ளாட்சியும் திரட்ட வேண்டும். ஊராட்சிகளுக்கு 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்குள் நடக்கும் வேலைக்கு மக்கள் பங்கு 10 சதவீதம். மலை, வனப்பகுதி ஊர்களுக்கு 5. இந்தப் பங்கை உழைப்பாகவும் கொடுக்கலாம். கருப்பு பைப்பின் பெரிய பலம் தெரிவது இந்த இடத்தில்தான்.

63 மி.மீ., பிஇ 100 (பிளாஸ்டிக்கின் ரகம்), பிஎன் 10 (10 கிலோ அழுத்தம் தாங்குவது) குழாய் 100 மீட்டர் ரோல் 70 கிலோ சொச்சம். நாலு பேர் தோள் கொடுத்தால் ஒற்றையடிப் பாதையில் ஏற்றிவிடலாம். அதே அளவு தண்ணீருக்கு 2 அங்குல ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ‘பி’ கிளாஸ் (நடுத்தர கனம்) போட்டால் 6 மீட்டர் நீளம் ஒன்றே 30 கிலோ. 100 மீட்டருக்கு அரை டன். வண்டி போகாத சரிவில் தலைச்சுமைக் கூலியே குழாய் விலையைத் தொட்டுவிடும். மதிப்பீட்டில் தலைச்சுமைக் கூலியைத் தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் ஒப்பந்தக்காரர் பாதியில் நிற்பார். ஜிஐயில் 100 மீட்டருக்கு 16 இணைப்பு. ரோலில் முனைக்கு ஒன்று. பள்ளம் தோண்டுவதை ஊர்க்காரர்களே செய்யலாம்: ஒன்றரை அடி அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 100 மீட்டருக்கு 45 கன மீட்டர் மண்.

பலர் கோட்டை விடுவது அழுத்தக் கணக்கில். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம். தொட்டி மேட்டில் இருக்கிறது, கடைசி வீடு 90 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். பகலில் எல்லா வீட்டுக் குழாயும் ஓடும்போது உராய்விலேயே அழுத்தம் குறைந்துவிடும். அழுத்தம் காட்டும் கேஜ் 4 கிலோ காட்டலாம். அதை நம்பி பிஎன் 6 வாங்கினால், நடுராத்திரி எல்லாரும் குழாயை மூடியபின் 9 கிலோவும் அப்படியே ஏறி நிற்கும். உடனே வெடிக்காது, குழாய்களை இணைக்கும் கப்ளர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ரகத்தை ராத்திரி அழுத்தத்துக்கே வாங்க வேண்டும். மலிவு என்று பிஎன் 6 எடுப்பதை நாங்கள் முழுசாக எதிர்க்கிறோம்.

6 கிலோ அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று நாளுக்கு 12,000 லிட்டருக்கு மேல் வெளியே விடும். ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் அது 200 பேருக்கு மேல் குடிக்கிற, புழங்குகிற தண்ணீர். அதுவும் சும்மா வந்ததா? சிறுவாணி மாதிரி மோட்டார் இல்லாமல் இறங்கி வரும் கொடுப்பினை மேட்டில் இருக்கும் ஊருக்கு இல்லை. பள்ளத்திலிருந்து 1 லட்சம் லிட்டரை 200 மீட்டர் ஏற்ற, 60 சதவீதத் திறனுள்ள மோட்டார் பம்புக்குக்கூட 90 யூனிட் மின்சாரம் ஆகும்.

இறக்கம் ரொம்ப அதிகமென்றால் 50, 60 மீட்டருக்கு ஒரு சிறு தொட்டி கட்டி, மிதவை வால்வு வைத்து அழுத்தத்தை உடைப்பதே எங்கள் பரிந்துரை. அழுத்தம் குறைக்கும் வால்வு இடத்தை அடைக்காது, உண்மைதான். ஆனால் மழைக்கால மணல் ஏறினால் சிக்கிக்கொள்ளும், உள்ளிருக்கும் ரப்பருக்கு மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். மிதவையை ஊர் பிளம்பரே மாற்றிவிடுவார். மேட்டு வளைவில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் வால்வும் தாழ்ந்த இடத்தில் மண் கழுவும் வால்வும் கட்டாயம்.

இனி ஒட்டு. இரண்டு குழாய் முனைகளையும் சூட்டுத் தட்டில் உருக்கி ஒன்றோடொன்று அழுத்துவதுதான் ஒட்டு. தட்டு 210 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் தட்டும் ஆறும், வெட்டிய முகத்தில் ஈரமும் படியும். வெளியே நன்றாக ஒட்டினதுபோலத் தெரிந்து உள்ளே பிடிக்காமல் இருக்கும். தார்ப்பாய் கட்டி அதற்குள் ஒட்டுங்கள். ஒட்டின இடத்தில் சுற்றிலும் பிதுங்கி நிற்கும் இரட்டை உருட்டு ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்திருந்தால் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

மத்தியான வெயிலில் நேர்க்கோடாக இழுத்துப் போடவும் கூடாது. 20 டிகிரி குளிர்ந்தால் 100 மீட்டர் குழாய் 30, 40 செ.மீ. சுருங்கும், காலையில் பார்த்தால் முனை கப்ளரை விட்டு வந்திருக்கும். பாம்பு மாதிரி நெளிவாகப் போட்டு, குளிர்ந்த நேரத்தில் மூட வேண்டும். பாறையில் புதைக்க முடியாத இடத்தில் மட்டும் ஜிஐயே மேல். யானை மிதித்தாலும் காட்டுத்தீ வந்தாலும் கருப்பு பைப் தாங்காது.

வாங்கும்போது குழாயின்மேல் ஐஎஸ் 4984, பிஇ ரகம், பிஎன் எண், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அச்சு இல்லாத ரோல் தோட்டப் பாசனத்தோடு நிற்கட்டும்.

இறுதி பில்லில் கையெழுத்துப் போடும் முன், இணைப்புகளை மண் மூடாமல் வைத்து, ராத்திரி அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதியுங்கள். முதல் ஒரு மணி நேரம் கேஜ் இறங்கும். அது கசிவாகவே இருக்க வேண்டியதில்லை, குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது. மறுபடி தண்ணீர் ஏற்றுங்கள். அதன்பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஒட்டையும் துணியால் துடைத்துவிட்டுத் தேடுங்கள்; ஈரம் திரும்பக் கசிகிற இடம்தான் அது.