சுட்டிச் சமன்பாடு: அடியை ஒன்றாக்குவதா, மடக்கை எடுப்பதா?

திருகோணமலை உவர்மலையில் அக்காவின் மகள் இந்தமுறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள், கணக்கு பார்ப்பது மாமாவின் பொறுப்பு. டியூசனில் சுட்டிச் சமன்பாடு, அதாவது தெரியாதது சுட்டியில் இருக்கிற கணக்கு, என்றாலே மடக்கை (ஓர் எண் வர அடியை எந்தச் சுட்டிக்கு உயர்த்த வேண்டும் என்பது) அட்டவணையை விரித்துவிடுகிறார்கள். நான் அடியை ஒன்றாக்கும், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒரே அடியில் எழுதும் வழியைத்தான் முதலில் பிடிக்க வைத்தேன், இப்போதும் அந்தப் பக்கம்தான்.

(தெரியாததை ய என்று வைக்கிறேன். போனில் சுட்டியை மேலே ஏற்ற வசதியில்லை, அதனால் 2^3 என்றால் இரண்டின் மூன்றாம் வலு; இதில் 2 அடி, 3 சுட்டி.)

8^ய = 4^(ய+1) என்று எடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டின் வலுதான், ஆகவே 2^(3ய) = 2^(2ய+2), 3ய = 2ய+2, ய = 2. "சுட்டி ரெண்டையும் எப்படி மாமா சமன் எண்டு போடலாம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சுட்டி கூடக் கூட இரண்டின் வலு ஏறிக்கொண்டே போகும், ஒரே பெறுமானம் இரண்டு இடத்தில் வராது. அடி 1 என்றால் இது சரிவராது: 1^3உம் 1^5உம் ஒன்றுதான், அதற்காக 3உம் 5உம் சமனாகிவிடுமா?

மடக்கையின் பலம் தெரிந்ததுதான். 3^ய = 20இல் அடியை ஒன்றாக்க வழியில்லை; மட 20ஐ மட 3ஆல் (மட என்றால் 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை) வகுத்தால், அதாவது 1.3010 ÷ 0.4771, ஏறக்குறைய 2.727. ஸ்கொட்லாந்துக் கணிதர் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டதே பெருக்கல் வகுத்தலைக் கூட்டல் கழித்தலாக்கத்தான், ஆனால் இங்கே அந்த வகுத்தலுக்கே திரும்பவும் அட்டவணையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

என் முடிவுக்குக் காரணம் வேறு: பிழை விட்டால் அது பிள்ளையின் கண்ணில் படுகிறதா? மேலே உள்ள முதல் கணக்கில் அடைப்பை விரிக்கும்போது 2ஆல் 1ஐப் பெருக்க மறந்து 2^(2ய+1) என்று எழுதினாள், ய = 1 வந்தது. போட்டுப் பார் என்றேன். இடப்பக்கம் 8, வலப்பக்கம் 16. அந்த இடத்திலேயே பிடிபட்டது, அதுவும் பிழை சுட்டியில் இல்லை, எட்டாம் ஆண்டு அட்சரகணிதத்தில் என்று அவளே கண்டுபிடித்தாள். மடக்கையில் அப்படியில்லை. வகுக்க வேண்டிய இடத்தில் 1.3010இலிருந்து 0.4771ஐக் கழித்து 0.8239 என்று எழுதிவிட்டு, நான்கு தசமதானம் இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். 3^2 = 9, 3^3 = 27 என்று கைப்பழக்கம் இருக்கிற பிள்ளைக்கு விடை 2க்கும் 3க்கும் நடுவில்தான் என்று அட்டவணையைத் தொடாமலே தெரியும்.

4^ய − 2^ய − 12 = 0 மாதிரி வந்தால் மடக்கையை நேரே போடவே முடியாது, கழித்தலுக்கு நடுவே அது பிரியாது. 2^யவை ப என்று வைத்தால் ப² − ப − 12 = 0, ப = 4 அல்லது −3. இரண்டின் வலு ஒருநாளும் மறையாகாது, −3ஐ வெட்டிவிடலாம், ய = 2.

நான் சொல்லிக்கொடுத்தது சாதாரண தரம் வரைதான். உயர்தரத்தில் வகையீடு வந்த பிறகு மடக்கை இல்லாமல் நகர முடியாது, அங்கேயும் இதே வரிசை நல்லதா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வட்டிக் கணக்கும் அப்படித்தான்: வருடம் 10 வீதக் கூட்டுவட்டியில் காசு இரட்டிக்க 1.1^ய = 2, இதற்கு மட 2ஐ மட 1.1ஆல் வகுப்பது, அதாவது 0.3010 ÷ 0.0414 தான் வழி, ஏழேகால் வருடம் சொச்சம். அதனால் அட்டவணையை அவளிடம் கொடுத்துவிட்டேன். திறக்க முதல், விடை எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் என்று கொப்பி ஓரத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.