கடல் வற்றும் வரிசையில் ஆறு கற்கள்: ஒரு பாறை மாதிரிப் பெட்டியின் மதிப்பீடு

சென்னை பிராட்வே பக்கம் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் கொடுக்கும் ஒரு கடையில் 1,450 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பெட்டி, பண்டைக் கடற்படுகைகளில் சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் பாறைகளும், நீர் ஆவியாகி எஞ்சும் உப்புகளான ஆவியாதல் படிவுகளும் உருவான விதத்தைக் கற்களைக் கொண்டே விளக்க முயல்கிறது. சுண்ணாம்புக்கல், டோலமைட் (மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் பாறை), ஜிப்சம் (நீர் கலந்த கால்சியம் சல்பேட்), அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்), பாறை உப்பு, சில்வைட் (பொட்டாசியம் குளோரைடு) என ஆறு மாதிரிகளும், ஒரு கைலென்சும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடைத்த சிறு சொட்டுக்குப்பியும், தமிழில் ஒரு கையேடும் இதில் உள்ளன.

பெட்டியின் முதல் சிறப்பு, கற்களை அடுக்கியிருக்கும் முறை. கடினத்தன்மையைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ அடுக்காமல், கடல்நீர் வற்றும்போது எது முதலில் படியுமோ அந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் வற்றத் தொடங்கியதும் கால்சியம் கார்பனேட் சிறிதளவு படிகிறது. கன அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சமும், பத்தில் ஒரு பங்காகும்போது சாதாரண உப்பும், கடைசியாகப் பொட்டாசியம், மக்னீசிய உப்புகளும் இறங்குகின்றன. மத்தியதரைக் கடல் நீரை வற்றவைத்து 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் வெளியிட்ட இந்த வரிசையைக் கையேடு மரக்காணம் உப்பளங்களைக் கொண்டு விளக்குவது மிகப் பொருத்தம். உப்பளத்தில் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் சுமார் 25 டிகிரி வந்தபின் உப்பை விளையவிட்டு, 29, 30 டிகிரியைத் தொடும்போது மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றுவதற்குக் காரணம், மக்னீசிய உப்புகள் கலந்துவிடக் கூடாது என்பதே.

மாதிரிகளில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் நல்ல தேர்வு. சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் உடனே நுரைத்துப் பொங்குகிறது. டோலமைட்டில் அதே சொட்டு அசையாமல் நிற்க, கல்லைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கியபின் விட்டால்தான் மெல்லக் குமிழிகள் எழுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லிவிட முடியாது.

ஆனால் இங்கேதான் கையேடு சறுக்குகிறது. 'வற்றும் கடலின் முதல் படிவு' என்று அது குறிப்பிடும் சுண்ணாம்புக்கல் அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்தது. லென்சை வைத்துப் பார்த்தால் தடித்த சிப்பி ஓடுகளின் வளைந்த குறுக்குவெட்டுகள் தெரிகின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காவிரிப் படுகையை மூடியிருந்த ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிரினங்கள் தம் ஓடுகளுக்காக நீரிலிருந்து பிரித்தெடுத்த சுண்ணாம்பு அது. அந்தக் கடல் வற்றியதால் படிந்ததன்று. உலகின் பெரும்பாலான கடல்சார் சுண்ணாம்புக்கற்களுக்கும் இதுவே வரலாறு.

ஜிப்சம் மாதிரியிலும் இதே குழப்பம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரின் களிமண் நிலத்திலிருந்து எடுத்த, நார்நாராகப் பளபளக்கும் அழகான துண்டுதான். ஆயினும் அங்கே ஜிப்சம் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் விரிசல்களை நிரப்பியிருக்கிறது, அதாவது களிமண் படிந்து முடிந்தபின் வந்து சேர்ந்தது. ஆவியாதல் படிவுக்கு எடுத்துக்காட்டாக அதை வைப்பது மாணவர்களைத் தவறான வழியில் செலுத்தும்.

கையேட்டின் பெரிய குறை வேறொன்று. படுகையை ஒருமுறை நிரப்பி வற்றவிட்ட தொட்டியாகவே அது காட்டுகிறது. 1,000 மீட்டர் ஆழக் கடல்நீர் முழுவதும் வற்றினாலும் அடியில் சுமார் 15 மீட்டர் உப்புதான் மிஞ்சும். மத்தியதரைக் கடலின் அடியிலோ சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உப்புப் படிவு இருக்கிறது. சுமார் 59.7 லட்சம் முதல் 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை அட்லாண்டிக்குடனான தொடர்பு குறுகியபோது அது படிந்தது. 1970இல் குளோமர் சேலஞ்சர் என்ற ஆழ்கடல் துளையிடும் ஆய்வுக் கப்பல் அங்கே துளையிட்டு ஜிப்சமும் உப்பும் எடுத்தது. ஒரே வற்றலில் இவ்வளவு சேராது. குறுகிய வாயில் வழியே புதுக் கடல்நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும், உள்ளே வருவதைவிட ஆவியாவது அதிகமாக இருக்க வேண்டும். அந்தக் கடல் முற்றிலும் வறண்டதா, ஆழமான உப்புநீராகவே நீடித்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இந்த வாயிலைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாததால், டோலமைட் பகுதியும் நொண்டுகிறது: ஜிப்சம் படிந்து கால்சியம் குறைந்து, மக்னீசியம் மிகுந்த கனத்த உப்புநீர் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி அதை டோலமைட்டாக மாற்றும் வழியை விளக்க நல்ல வாய்ப்பிருந்தும் விட்டுவிட்டார்கள்.

பெட்டியின் கட்டுமானம் சென்னைக்கு ஏற்றதாக இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். நம் ஊரில் அது அன்றாடம். எனக்கு வந்த பெட்டியில் உப்புத் துண்டு திறந்த பள்ளத்தில் இருந்ததால் முனைகள் மழுங்கி, பெயர்ச்சீட்டின் மை கரைந்து பக்கத்து அன்ஹைட்ரைட் வரை பரவியிருந்தது. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றிக் கொடுத்ததும் அதே திறந்த பள்ளத்தில்தான் வந்தது.

இளங்கலை நிலவியல் மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கற்களுக்காகவே இதை வாங்கலாம். கையேட்டை உடன் ஒரு நல்ல பாடநூல் இல்லாமல் நம்ப வேண்டாம். வாங்கியவுடன் உப்பையும் சில்வைட்டையும் இறுக்கமான மூடியுள்ள தனித்தனிக் குப்பிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் போட்டுவிடுங்கள். உப்பு கெட்டுப்போனால் கவலையில்லை, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் இந்துப்பும் அதே கனிமம்தான். சில்வைட்டுக்கு அப்படி மாற்று கிடைக்காது.