தானே ஓட்டுவதா, குத்தகைக்குக் கொடுப்பதா?

சீனக்குடாவில் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பெடியள் பலருக்கு விமானி வேலைதான் கனவு. அவர்களுக்காக, அமெரிக்க விமானிகளின் பழைய சண்டை ஒன்று: சிறிய வழித்தடங்களைப் பெரிய நிறுவனமே ஓட்டுவதா, பிராந்திய நிறுவனத்திடம் கொடுப்பதா?

கொடுத்தால் செலவு குறையும். ஓட்டுவது ஸ்கைவெஸ்ட் என்ற பிராந்திய நிறுவனம், விமானத்தில் எழுதியிருப்பது யுனைடெட் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர், அரசாங்க இ.போ.ச. நிறம் பூசிய தனியார் பஸ் மாதிரி. இளம் விமானிக்கு முதல் வேலை கிடைப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அதை மறுக்க முடியாது.

தானே ஓட்டினால் செலவு கூடும். ஆனால் சம்பளம், பணிமூப்பு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். 2009இல் பஃபலோ அருகே விழுந்து 50 பேரைப் பலிகொண்ட கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம், கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில்தான் பறந்தது. அதன் துணை விமானி, சியாட்டிலிலிருந்து இரவிரவாகப் பயணம் செய்து நியூவார்க்கில் வேலைக்கு வந்தவர். அவருடைய சொற்பச் சம்பளமும் விசாரணையில் வெளிவந்தது.

பிறகு விதிகள் இறுகின, சரி. என்றாலும் என் வாக்கு தானே ஓட்டுவதற்குத்தான். முழுதாக முடியாவிட்டால், பிராந்திய நிறுவனங்களிடம் கொடுக்கும் விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் இருக்கக் கூடாது என்று பெரிய நிறுவனங்களின் விமானிகள் தங்கள் ஒப்பந்தத்தில் பிடித்துவைத்திருக்கும் வரம்பையாவது தளர்த்தக் கூடாது.