ஒருநாள் ஓட்டமா, ஒரு மாத நடையா? மார்பகப் புற்றுநோய் ஆய்வு நிதிக்கு எது கைகொடுக்கும்?

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அதன் ஆய்வுக்குப் பணம் திரட்ட பெங்களூரில் ஓர் அப்பார்ட்மெண்ட் குழுவோ அலுவலகக் குழுவோ கிளம்பினால், முன்னால் இரண்டு வழிகள் நிற்கும். ஞாயிறு காலையில் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடுவது ஒன்று. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் முழுக்க அடி எண்ணி நடப்பது மற்றொன்று. சுற்றுக்கோ அடிக்கோ இவ்வளவு என்று தெரிந்தவர்கள் பணம் தருவதாக வாக்குக் கொடுப்பார்கள். முதல் தடவை இறங்கும் குழுவுக்கு நடைதான் நல்லது என்போம்.

காரணம் செலவு. 20 பேர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட் 250, பதக்கம் 120, தண்ணீரும் வாழைப்பழமும் 60 ரூபாய் என்றால் மொத்தம் 8,600. வசூல் 40,000 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துவிட்டது. நடைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும்.

ஓட்டத்துக்கென்று பலமும் உண்டு. தேதி குறித்துவிட்டால் ஆள் சேரும், படம் வரும், நிறுவனமும் தன் பங்கைப் போட முன்வரும். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை விடுவதில்லை. ஆனால் கூட்டமாக ஓட தோட்டக்கலைத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். 400 மீட்டர் டிராக்கில் ஓடினால் 5 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று. அது உள்பக்க லேனின் கணக்கு. எட்டாவது லேனில் ஒரு சுற்றே ஏறக்குறைய 453 மீட்டர். சுற்றை எண்ணிக் காசு தருவதாகச் சொன்னவர்களிடம் இங்கேதான் தகராறு வரும். ஓடிப் பழகாதவர்களுக்கு எட்டு வாரமாவது பயிற்சி வேண்டும். திடீரென்று ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

நடையில் சிக்கல் எண்ணிக்கையில்தான். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் குலுங்கினால் போன் அதையும் அடியாகச் சேர்க்கலாம். போனை மேஜையில் வைத்துவிட்டு வீடு முழுக்க நடக்கும் அம்மாவுக்கோ கணக்கு ஏறாது. எல்லோரும் ஒரே ஆப் வையுங்கள், இரவு 9 மணிக்கு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், ஒரு நாளைக்கு 20,000 அடி என்று வரம்பு கட்டுங்கள். சிகிச்சை முடித்தவர் குழுவில் இருந்தால் அடியை விட்டுவிட்டு எல்லோருக்கும் நிமிடக் கணக்கு வையுங்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு அவர் நடக்கும் 15 நிமிடமும் மற்றவர்களின் 15 நிமிடமும் அப்போது ஒன்றாகும்.

வாக்குறுதி வாங்கும்போது உச்சத் தொகையையும் எழுதி வாங்குங்கள். 10,000 அடிக்கு 20 ரூபாய் என்று ஒருவர் சொன்னால், தினமும் அவ்வளவு நடப்பவருக்கு 31 நாளில் 620 ரூபாய். அதே ஆள் 20 பேருக்கும் சொல்லியிருந்தால் 12,400. மாதக் கடைசியில் அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்.

எந்த வழியானாலும் பணம் குழு கேப்டனின் சொந்த ஜிபே எண்ணுக்கு வரக் கூடாது. நன்கொடையாளருக்கு ரசீது கிடைக்காது. கித்வாய் புற்றுநோய் நிலையமோ வேறு அமைப்போ, நேரே அவர்கள் கணக்குக்கே போகட்டும். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று முதலிலேயே எழுத்தில் வாங்காவிட்டால் அது பொதுநிதியில் கலந்துவிடக்கூடும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக்கு பான் எண் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குச் சலுகையே இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சித்தப்பா மகன் தருவது வெளிநாட்டு நன்கொடை. அந்த அமைப்பு அதைப் பெறத் தகுதியுள்ளதா என்று விசாரித்த பிறகே அவரிடம் கேளுங்கள்.