சரிவுப் பாறையில் தூண் நிறுத்த: போல்ட்டா, படியா, கம்பியா?

மண்ணை வழித்ததும் கீழே பாறை தெரிந்தால் பாதி நிம்மதி. மீதி, அது மட்டமாக இருந்தால்தான். சரிவு நிலத்தில் எங்கே இருக்கிறது? ஒரு தூணுக்கு அரையடியில் பாறை, அடுத்ததற்கு நாலடி கீழே.

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல பாறை. 'தொப்'பென்றால் மேலே இருப்பது சிதைந்த அடுக்கு, அல்லது தனியாகப் புதைந்து கிடக்கும் உருண்டைக் கல். அதை அகற்றாமல் எந்த முறையும் உதவாது.

துளை போட்டு, தூணின் அடித்தகட்டை (பேஸ் பிளேட்) வைத்து, விரியும் போல்ட்டை முடுக்கினால் அன்றைக்கே வேலை முடிந்தது. ஆனால் பிளேட் உட்கார மட்டமான இடம் வேண்டும். போல்ட் விரியும்போது பாறையைப் பிளக்கப் பார்க்கும். ஓரத்திலும், ஏடு ஏடாகப் பிரியும் பாறையிலும் விரிசல் விட்டுவிடும். வேலிக்காலுக்குச் சரி. வீட்டுத் தூணுக்கு நான் நம்பமாட்டேன்.

பாறையில் படி வெட்டினால் பாரம் நேராக இறங்கும், சறுக்கும் பயம் குறையும். ஆனால் பிரேக்கர் வைத்து இடிக்கும் இடியில் நல்ல பாறையும் விரிசல் விடலாம். சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் மட்டும் இது.

என் ஓட்டு, துளையில் கம்பி ஒட்டி மேலே கான்கிரீட் பீடம் போடுவதற்குத்தான். பாறை எவ்வளவு கோணலாக இருந்தாலும் கான்கிரீட் அந்த மேடுபள்ளத்தில் தானே படிந்துகொள்ளும். கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சின் (ஷட்டரிங்) அடியை மட்டும் பாறையின் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். சறுக்கலைக் கம்பிகள் பார்த்துக்கொள்ளும். 12 மி.மீ. கம்பி என்றால் 16 மி.மீ. துளை, ஒட்ட எபாக்ஸி பசை, ஆழம் இன்ஜினியர் கணக்கு. இந்த முறை கெடுவது பெரும்பாலும் துளைக்குள் தங்கிய தூளால்தான். ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். சோம்பினால் எபாக்ஸி பாறையைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும், இழுத்தால் கம்பி கையோடு வரும். துளையில் தண்ணீர் ஊறுகிறதா? அப்போது பெரிய துளை போட்டு, சுருங்காத சிமென்ட் கிரவுட் (ஊற்றி நிரப்பும் குழம்பு).

அப்புறம், தூண்களின் உயரம். ஒரே தடிமனில் பாதி உயரமுள்ள தூண் எட்டு மடங்கு விறைப்பானது. காற்றோ நிலநடுக்கமோ தள்ளினால் பக்கவாட்டு விசையை மேட்டுப்பக்கக் குட்டைத் தூண்களே அதிகம் வாங்கும். அவற்றின் கம்பிகளுக்குக் கூடுதல் ஆழம் கேளுங்கள், பள்ளத்துப்பக்க நெட்டைத் தூண்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுங்கள்.